காந்தத்தில் ஒட்டாதது

வேலையில் சேர்ந்த அன்றே உங்கள் கையில் நம் கருவி ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. மேலே ஒரு பச்சை இலை. இலைக்குக் கீழே ‘பேட்டரி இல்லை’ என்ற எழுத்து. அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பீர்கள். நானும் சேர்ந்த புதிதில் பெருமைப்பட்டேன். பிறகு அதைத் திறந்து பார்த்தேன்.

உள்ளே இருப்பது எளிய ஏற்பாடுதான். ஒரு பித்தளைப் பட்டை, அதன்மேல் ஒட்டிய மெல்லிய பீங்கான் தகடு. இயந்திரம் அதிரும்போது தகடு வளைகிறது, வளையும்போது துளி மின்சாரம் பிறக்கிறது. அந்தத் துளிகளைச் சேர்த்துவைத்து, மோட்டார் சூடாகிறது, உருளை தேய்கிறது என்று பெட்டி கைபேசிக்குச் சேதி அனுப்புகிறது. குப்பையில் எறிய பேட்டரி கிடையாது. ஆனால் அந்தத் தகட்டின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. மின்னணுப் பொருள்களில் ஈயம் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று சொல்லும் அதே விதி, இத்தகைய தகடுகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்குப் பிரிவை நான் வரி பிசகாமல் ஒப்பிப்பேன். ஈயத்துக்கு அந்தப் பிரிவு தெரியாது.

நிறுவனத்தின் சுற்றுச்சூழல் பிரிவு என்பது அப்போது நான் ஒருத்திதான். ஃபேர்லேண்ட்ஸ் பகுதி அலுவலகத்தின் மாடியில், ஏ.சி. காற்று எட்டாத மூலையில் என் மேசை இருந்தது. ஜேடர்பாளையம் தடுப்பணைக்குக் கீழே, இதே தகடுகளோடு நீரோட்டத்தில் ஆடி மின்சாரம் எடுக்கும் மிதவைகளைச் சோதனைக்காகக் கட்டியிருந்தோம். காவிரியில் தண்ணீர் பெருகியபோது அவை அறுந்துபோயின. கூட்டத்தில் ‘சமிக்ஞை இழப்பு’ என்று ஒரு வரியில் முடித்தார்கள். அவை எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். மேலாளர் மரியாதையான மனிதர். “கடலுக்குத்தான் மேடம், வேற எங்க போகும்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் பதிலில் பிழை எதுவும் இல்லை என்பது பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து இந்தப் பெட்டிகளைக் கண்டு எனக்குக் கொஞ்சம் பயம். அந்தப் பயம் எதற்கு உதவும் என்பதை எருமப்பட்டியில் தெரிந்துகொண்டேன்.

பெரிய ஆர்டர் ஒன்று வரவிருந்த நேரம் அது. நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன ஆலைகளில் எல்லாம் நம் பெட்டியைப் பொருத்தும் திட்டம். அதற்கு ஒரு சுற்றுச்சூழல் அறிக்கை தேவைப்பட்டது. எவ்வளவு பேட்டரி குப்பைக்குப் போகாமல் தடுத்தோம் என்று எழுதினால் போதும் என்றார் மேலாளர். கெட்டுப்போன பெட்டிகள் என்ன ஆகின்றன என்றும் எழுத வேண்டும் என்கிறது நடைமுறை. நடைமுறை சொல்வதை நான் செய்துவிடுவேன். அலுவலகத்தில் என்னைப் பலருக்குப் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பெட்டிகள் அடிக்கடி கெடும் பண்ணை எது என்று விசாரித்தேன். எருமப்பட்டிக்கு அருகே தங்கமணி என்பவரின் பண்ணை என்றார்கள்.

கார்த்தியும் நானும் காரில் போனோம். பெட்டியை வடிவமைத்த பொறியாளர்களில் கார்த்தியும் ஒருவர். நல்ல மூளை. யாராவது பெட்டியைப் பற்றிக் கேட்டால், பெற்ற பிள்ளையைப் பற்றிக் கேட்டதுபோல முகம் மலர்ந்துவிடும்.

தங்கமணிக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடநாட்டில். நிலம், கோழி ஷெட்டுகள், தீவன ஆலை எல்லாம் தங்கமணியின் பொறுப்பு. நாங்கள் போனபோது முட்டை லாரியில் அட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க மேடம். வா சாமி, மோர் குடிச்சுப்போட்டுப் பேசலாம்” என்றார். “பொட்டி நல்ல பொட்டிதானுங்க. என்ன, சும்மா சும்மா செத்துப்போவுது. போன் பண்ணுனா புதுசு குடுத்தனுப்பிடறாங்க.”

“செத்ததெல்லாம் எங்கம்மா?”

“அந்தா, ஆணியில தொங்குது பாருங்க. தூக்கி எறிய மனசு வரலீங்க.”

ஆலைச் சுவரில், கம்பியில் கோத்த மீன்களைப் போலப் பெட்டிகள் தொங்கின. ஒன்றை எடுத்தேன். மூடிக்குத் திருகாணி இல்லை. சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தேன். பித்தளைப் பட்டை இருந்தது. அதன்மேல் இருக்க வேண்டிய தகடு, அடியில் ஒரு விளிம்பு மட்டும் ஒட்டியிருக்க, உடைந்து போயிருந்தது. அடுத்த பெட்டியைத் திறந்தேன், அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

“தகடெல்லாம் எங்க கார்த்தி?”

கார்த்தி தங்கமணியின் பக்கம் திரும்பினார். “அக்கா, இதை எங்க மாட்டியிருந்தீங்க? நாங்க மோட்டார் மூடி மேலதானே மாட்டிக் குடுத்தோம்?” என்றார்.

“மோட்டார் மேல இருந்தா கரண்ட் பத்தலீன்னு போன்ல செகப்பு காட்டிக்கிட்டே இருந்துச்சு சாமி. உங்க ஆபீசுல கேட்டோம். ஆட்டம் சாஸ்தியா இருக்கற எடத்துல மாத்திக் கட்டுங்கன்னாங்க. எங்க மில்லுல சல்லடையவிட எதுக்கு ஆட்டம் சாஸ்தி? அதுலயே கட்டிட்டோம்.”

கோழி வளர்ப்பவர் வேறு எப்படி யோசிப்பார்? ஆட்டம்தான் இதற்குத் தீனி என்று நாம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். தீனி போதவில்லை என்றால் தீனி கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்கு மாற்றுவார். பேட்டரி போட்ட கருவிக்கு யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

“மூடியை ஏன் கழற்றினீங்க?”

“மக்காச்சோளத் தூசி உள்ள போயி அடைச்சுக்குதுங்க. கம்ப்ரசர்ல காத்தடிக்கறதுக்குக் கழட்டினோம். ஸ்குரு ஆட்டத்துல எங்கியோ உழுந்து போச்சு.”

சல்லடை ஓடிக்கொண்டிருந்தது. மக்காச்சோளம் அதன்மேல் குதித்துக் குதித்து அரவைக்கு இறங்கியது. கடைசியாகக் கொடுத்த பெட்டி அதன் சட்டத்தில் கம்பியால் கட்டப்பட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். இரைச்சல் அடங்கியதும் பெட்டியைத் திறந்தேன். தகட்டில் பாதி இருந்தது. மீதிப் பாதி உடைந்த இடம் பளிச்சென்று, புதிதாக இருந்தது.

“உடைஞ்சது இதுல விழுந்திருக்குமா?”

“உழுந்தா உழுவட்டுங்க, அதுக்கென்ன. எது உழுந்தாலும் காந்தம் புடிச்சுக்கும்.”

அரவையின் வாயில் பெரிய காந்தப் பலகை ஒன்று உண்டு. எந்தத் தீவன ஆலையிலும் இருக்கும். சாக்குக் கம்பி, ஆணி, நட்டு எது வந்தாலும் அது இழுத்துக்கொள்ளும். தங்கமணி அதை இழுத்துக் காட்டினார். முள்ளம்பன்றி போல ஆணிகள் சிலிர்த்து நின்றன. “பத்து லாரி மக்காச்சோளம் வந்தாலும் ஒரு குண்டூசி உள்ள போவாதுங்க” என்றார்.

என் கையிலிருந்த பெட்டியின் பட்டையைப் பிய்த்தெடுத்தேன். தகட்டின் பாதி அதில் ஒட்டியே இருந்தது. காந்தத்தின் மேல் வைத்துக் கையை எடுத்தேன். பட்டை வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. பெரிய சத்தம்கூட எழவில்லை.

தங்கமணி குனிந்து அதை எடுத்து மறுபடி காந்தத்தில் வைத்தார். மறுபடி விழுந்தது.

“சல்லடை மேலே தங்கறதை என்ன செய்வீங்க?” என்று கேட்டேன்.

“கப்பிங்களா? கூட்டிச் சாக்குல புடிச்சு பழைய ஷெட்டுக் கோழிக்குப் போட்டுருவோம். அதுங்க கழிக்கப்போற கோழிதானுங்களே.”

“அந்தக் கோழி முட்டை?”

தங்கமணி லாரியின் பக்கம் திரும்பினார். எல்லா ஷெட்டின் முட்டையும் ஒரே இடத்துக்கு வரும். பெரியது, சிறியது என்று மட்டும்தான் பிரிப்பார்கள். எந்த முட்டை எந்த ஷெட்டிலிருந்து வந்தது என்று அட்டையில் அடுக்கியபின் யாராலும் சொல்ல முடியாது.

“இந்த லோடு எங்கே போகுது?”

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குங்க. மத்தியானச் சோத்துக்கு.”

ஈயத்தைப் பற்றி நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். பாடத்தில் பயம் இருக்காது. ஈயம் வயிற்றைக் கலக்காது, காய்ச்சல் தராது. குழந்தையின் மூளையில் அது எதைக் குறைத்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ‘பையனுக்குக் கவனம் போதாது’ என்று ஓர் ஆசிரியர் சொல்வார், வீட்டில் அடி விழும், அதோடு சரி. அன்று ஆலையின் மாவுத் தூசிக்குள் அந்தப் பயம் இருந்தது. கார்த்தியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

நடைமுறை எனக்கு அத்துப்படி. மாதிரி எடுக்க வேண்டும், முத்திரையிட வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவு வரும்வரை யாரிடமும் எந்தக் கருத்தும் சொல்லக் கூடாது. முடிவு வரச் சில நாள் ஆகும். லாரி கிளம்ப அரை மணிகூட இல்லை.

வெளியே வந்து மேலாளரைக் கூப்பிட்டேன்.

“பதட்டப்படாதீங்க மேடம். கணக்குப் போடுங்க. ஒரு தகடு என்ன எடை இருக்கும்? ஒரு டன் தீவனத்துல அதைக் கலந்தா வரம்புக்குள்ளதான் வரும்.”

“கலந்தால் வரும் சார். இது துண்டு துண்டா இருக்கு. கோழி சராசரியைக் கொத்தாது.”

“ரிசல்ட் வராம வாயைத் திறக்காதீங்க. தப்பாப் போச்சுன்னா அந்தம்மா பண்ணையும் போச்சு, நம்ம ஆர்டரும் போச்சு.”

நியாயமாகச் சொன்னால், பண்ணையைத்தான் அவர் முதலில் சொன்னார். அவர் சொன்னது தவறும் இல்லை. தங்கமணி பண்ணை முட்டையில் நஞ்சு என்று ஒரு பேச்சு கிளம்பினால், பிற்பாடு எந்த ஆய்வறிக்கை வந்தும் அதைக் கழுவ முடியாது. நான் சந்தேகப்பட்டது பொய்யாகிவிட்டால் அழியப்போவது தங்கமணி, நான் அல்ல. நான் வாயை மூடிக்கொண்டிருந்து, சந்தேகம் மெய்யாகிவிட்டால், அழியப்போவது யார் என்று தெரியாத ஏதோ ஒரு குழந்தை.

லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். “ஏனுங்கக்கா, வெயில் ஏறுது. முட்டையென்ன டீசலா, டேங்குல கெடக்கறதுக்கு? சீட்டக் குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்குப் போவேன்.”

இந்த இடத்தில் என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. நான் செய்ததைச் சொல்கிறேன். தங்கமணியை அழைத்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு, தெரியாததையும் அதே குரலில் சொன்னேன்: எவ்வளவு விழுந்தது தெரியாது, எந்தக் கோழி கொத்தியது தெரியாது, முட்டைக்கு வந்ததா தெரியாது. நம்மவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவார்கள், அல்லது இரண்டாம் பாதியை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் நம்மைத் திட்டுவார். திட்டட்டும்.

“நஞ்சுங்களா?”

“ஆமாம்மா.”

“உங்க பொட்டிக்குள்ளயா?”

“ஆமாம்.”

“மேல எலை போட்டிருந்துச்சேங்க” என்றார் தங்கமணி. பிறகு கார்த்தியைப் பார்த்தார். “ஏஞ் சாமி, உடைஞ்சா நஞ்சுன்னு அந்த எலைக்குப் பக்கத்துல ஒரு வார்த்தை எழுத எடமில்லாமப் போச்சா? காலேசு படிச்ச கைக்கு அது தோணலியா?”



“ஆய்வகத்துல சொல்லிருவாங்கம்மா, ஆனா நாளாகும்” என்றேன். “பழைய ஷெட்டுல இன்னைக்குச் செத்த கோழி இருக்குதா?”

தங்கமணிக்குப் புரிந்துவிட்டது. எந்தப் பண்ணையிலும் தினமும் இரண்டு மூன்று கோழி சாகும். சாயங்காலம் குழிக்குப் போகும். அன்று செத்தவற்றை ஒரு கூடையில் எடுத்து வந்தார்கள். தங்கமணி அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தார். கையுறை போடுங்கள் என்றேன். அப்படி ஒன்று அங்கே இல்லை; ஒரு பாலித்தீன் பையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

கோழிக்குப் பல் கிடையாது. கொத்தும் கல்லையும் கிளிஞ்சலையும் இரைப்பையில் வைத்துக்கொண்டு, அதைக் கொண்டுதான் தீனியை அரைக்கும். கனமான எதுவும் அங்கே தங்கிவிடும். முதல் கோழியின் இரைப்பையைப் பிளந்து தட்டில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். வெள்ளைக் கிளிஞ்சல், மக்காச்சோளத் தோல். வேறு ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. டிரைவர் வந்து எட்டிப்பார்த்தார்.

“இதென்னுங்கக்கா, லாரிய நிறுத்திப்போட்டுக் கொழம்பு வைக்கப் போறீங்களா? எனக்கும் ஒரு கிண்ணம் போடுங்க.”

மூன்றாவது கோழி. அரிவாள் எதிலோ கீறியது. தங்கமணி கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தண்ணீர் விட்டு அலசினார். வெள்ளைக் கிளிஞ்சல்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சில்லு. ஒரு பக்கத்தில் வெள்ளிப் பூச்சு இன்னும் மினுங்கியது. கார்த்தி அதை ஒரு குச்சியால் தள்ளித் திருப்பிப் பார்த்தார்.

“நம்முதுதான் மேடம்.”

உடைந்த தகட்டின் ஓரம் கத்திபோல் இருக்கும். இதன் ஓரங்கள் கூழாங்கல்லைப் போல் மழுங்கியிருந்தன. தேய்ந்து போனது எங்கே போனது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, லாரியிலிருந்து சாவியை எடுத்து வந்து திண்டின் மேல் வைத்தார்.

தங்கமணி சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு முட்டை வியாபாரியைக் கூப்பிட்டார்.

“அண்ணா, இன்னிக்கு லோடு வராதுங்க. இல்லீங்க, கோழிக்குச் சீக்கெல்லாம் இல்லீங்க. நேத்து வந்ததுலயும் மிச்சமிருந்தா ஆருக்கும் குடுக்க வேண்டாம், நானே திருப்பி எடுத்துக்கறேன். ஏன்னுங்களா?” போனை என்னிடம் நீட்டினார். “சொல்லுங்க மேடம். உங்க வாயால சொல்லுங்க.”

சொன்னேன். நிறுவனத்தின் பெயர், பெட்டியின் பெயர், தகட்டில் இருப்பது என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குள் கார்த்தியின் போனில் மேலாளர் கூப்பிட்டார். கார்த்தி அதை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். முந்தைய நாள் முட்டையில் ஒரு பகுதி திரும்பி வந்தது. அதற்கு முன் போனவை அவித்துத் தோலுரித்துத் தின்று முடிந்திருந்தன.

ஆய்வக முடிவு வந்தது. சில்லில் ஈயம் உறுதியானது. முட்டை மாதிரிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் வரம்புக்குள். “பாத்தீங்களா மேடம், ஒண்ணே ஒண்ணு” என்றார் மேலாளர், ஆறுதலாக. அதுபோல் அதற்கு முன்னால் எத்தனை போயிருக்கும் என்று ஆய்வகத்துக்கு எழுதிக் கேட்டேன். அது ஆய்வின் வரம்பில் இல்லை என்று பதில் வந்தது. சரியான பதில். நானாக இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன்.

தங்கமணி என்னை மறுபடி வரச் சொன்னார். பழைய ஷெட்டுக் கோழிகளைக் கழிக்கும் பருவம். வழக்கமாகக் கறிக்குப் போகும். கறி வியாபாரி வண்டியோடு வந்து நின்றார்.

“முட்டைய உடுங்க மேடம். கறிக்குக் குடுக்கலாமுங்களா?”

ஈயம் எலும்பில் படியும், சதையில் குறைவாக இருக்கும், வரம்பு இவ்வளவு, மாதிரி எடுத்துப் பார்த்தால்... என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் கெடக்கட்டுங்க. ஒண்ணு அறுத்துத் தாரேன். உங்க ஊட்டுக்குக் கொண்டுபோயிக் கொழம்பு வெச்சுத் தின்பீங்களா?”

“மாட்டேன்.”

“அப்பக் குடுக்கலீங்க” என்று சொல்லி, வியாபாரியைத் திருப்பி அனுப்பினார். என் பணிக்காலத்தில் பக்கம் பக்கமாக இடர் மதிப்பீடு எழுதியிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒன்றும் எழுதியதில்லை.

அடுத்தது, கோழிகளை எங்கே புதைப்பது? ஒரு பக்கம் அவர்கள் கிணறு, இன்னொரு பக்கம் பக்கத்துக் காட்டில், அதாவது வயலில், சின்ன வெங்காயம், கீழ்ப்பக்கம் ஓடை. ஆபத்தான கழிவை ஏற்கும் இடத்தில் செத்த கோழியை ஏற்க மாட்டார்கள். செத்த கோழிக்கான நடைமுறையில் ஈயம் என்ற சொல்லே இல்லை. இரண்டு நடைமுறைகளும் எனக்கு மனப்பாடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஷெட் நிறையக் கோழிகள் இருந்தன. கடைசியில், பயன்படாமல் கிடந்த ஒரு சிமென்ட் தண்ணீர்த் தொட்டியில் அடுக்கினார்கள்: கோழிகள், கப்பிச் சாக்குகள், ஷெட்டில் மிச்சமிருந்த எரு, ஆணியில் தொங்கிய பெட்டிகள். மேலே கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். அதற்கு முன் விற்ற எரு மஞ்சள் காட்டுக்கும் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளிக் காட்டுக்கும் போயிருந்தது. எந்தெந்தக் காடு என்று விசாரிக்கத் தொடங்கினோம். மழை பெய்து உழவும் ஓட்டியபின் விசாரிப்பதற்கு அங்கே என்ன இருக்கும்?

கான்கிரீட் காய்ந்தபின் மேலாளர் நேரில் வந்தார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். வராமல் இருப்பதற்கும் வழி இருந்தது. தங்கமணியிடம் கைகூப்பி வருத்தம் தெரிவித்தார். பிறகு காரிலிருந்து புதிய மாடல் பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். தொட்டியில் எங்காவது விரிசல் விட்டுக் கசிந்தால் உடனே போனுக்குச் சேதி வரும், வெயில் சூட்டிலேயே ஓடும், பேட்டரி வேண்டாம், எல்லாம் நம் செலவு என்றார். உள்ளே அதே ஈயத் தகடு என்று தெரிந்த கார்த்தி வேறு பக்கம் பார்த்தார்.

தங்கமணி அதை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நகத்தால் மூடியைத் தட்டிப் பார்த்தார்.

“சரிங்க. மாட்டிட்டுப் போங்க” என்றார். “இது கெட்டுப்போச்சுன்னா, இதை எங்கீங்க போடறது?”

மேலாளர் என்னைப் பார்த்தார். நடைமுறை எல்லாம் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான்.